அழுங்குக்கு வைத்த கமராவில் ஜெசிந்தா அக்கா

காலை 6.40. கண்டியிலிருந்து பன்வில பஸ் புறப்பட்டபோது பாதி இருக்கைகள் காலி. கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். ஐந்து மாதமாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படித் தனியே போய்வருகிறேன். அழுங்கு என்கிற எறும்புண்ணியைக் கணக்கெடுப்பது என் வேலை. இதுவரை ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

8.50. பன்வில சந்தியிலிருந்து ஆட்டோவில் நானூறு ரூபாய். ஓட்டுநர் சிரித்தார்.

"ஆளக் கண்டா சுருண்டுக்குமே மிஸ், எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நான் அதைத் தேடுறேல்ல அண்ணை. அது கிண்டின மண்ணைத்தான் தேடுறன்."

உண்மையும் அதுதான். தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரமாக நடப்பேன். வளை தென்பட்டால் வாயின் அகலத்தை அளப்பேன். குறுக்கே சிலந்தி வலை இருந்தால் உள்ளே யாருமில்லை. மண் ஈரமாக, நகக் கீறலோடு கிடந்தால், இரண்டு மீட்டர் தள்ளி முழங்கால் உயரத்தில், அசைவைக் கண்டால் தானே பதியும் கமராவைக் கட்டிவிட்டுத் திரும்புவேன்.

11.15. நான்காவது கமரா. நினைவக அட்டையைக் கழற்றி, ஒரு பாறையில் அமர்ந்து மடிக்கணினியில் போட்டேன். ஐம்பத்தாறு காட்சிகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பெண். கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டு, போனை வாயருகே பிடித்துப் பேசினாள்.

"அம்மாடி, சாப்பிட்டியா? ஒன் மகன் ஸ்கூலுக்குப் போயிட்டான். இதக் கேட்டா ஒரு வார்த்த சொல்லு."

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். இரண்டாவதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்பது கேட்டேன். அந்த வாரம் என்னிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கவில்லை.

கடைசிக் காட்சி இரவில் பதிவானது. செதில் முதுகு, நிலத்தில் இழுபடும் வால், மண்ணை முகரும் மூக்கு. பதினொரு விநாடிகள். எழுந்து நின்றுவிட்டேன். சொல்வதற்குப் பக்கத்தில் யாருமில்லை.

12.10. சாப்பாட்டு நேரத்துக்கு அந்தப் பெண்ணே ஏறி வந்தாள். பெயர் ஜெசிந்தா. மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் சிக்னல் கிடையாது. இந்த மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். அவள் கமராவில் பதிவாகியிருப்பதைச் சொன்னதும் முகம் இறுகியது.

"நான் பேசுனத எல்லாம் கேட்டீங்களா?"

"கொஞ்சம் கேட்டனான் அக்கா. பிழைதான்."

"அழிங்க."

அவள் பார்த்திருக்க ஒவ்வொன்றாக அழித்தேன். அழுங்கு இரவில்தான் வெளியே வரும், கமராவைப் பகலில் இயங்காமல் வைக்கலாம் என்றேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. என் கவனக்குறைவு.

"கமரா தூங்குதா முழிச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும் மிஸ்?"

ஐந்து மாதத்தில் அழுங்கு தென்பட்ட ஒரே வளை அது. அவளுக்கும் இருந்தது இந்த ஒரே இடம்தான். பட்டியை அவிழ்த்துக் கமராவைப் பைக்குள் வைத்தேன்.

அதைப் பார்த்து நின்றவள், "அந்தச் சீவனக் காட்டுங்க" என்றாள். பதினொரு விநாடியையும் மூன்று தடவை பார்த்தாள். "இவ்ளோ கிட்டத்துல இருந்துச்சா? இத மகளுக்கு அனுப்பலாமா?"

"இடத்தின்ர பேரை மட்டும் சொல்லாதேங்கோ, அக்கா. பிடிக்க வந்திடுவினம்."

திரையைத் தன் போனில் படம்பிடித்துக்கொண்டு பேசினாள். "அம்மாடி, இங்க பாரு, இது யாருன்னு சொல்லு பாப்போம்." அன்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மகள் பார்த்ததற்கான அடையாளம் வருகிறதா என்று நின்றபடியே பார்த்தாள். நான் இறங்கும்வரை வரவில்லை.

3.30. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் எந்த மூலையிலும் சிக்னல் இருக்கிறது. அம்மா நினைத்த நேரமெல்லாம் குரல்செய்தி அனுப்புவார். நான் அவற்றை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, வேலையில் நிற்கிறேன் என்று இரண்டு சொல் எழுதிவிடுவேன். அன்று வந்திருந்ததைச் சாதாரண வேகத்தில் கேட்டேன். கிணற்று மோட்டர் பழுது, முருங்கை பூத்திருக்கிறது, அயல்வீட்டில் கலியாணம். நான்கு நிமிடம். இடையிடையே அம்மா மூச்சு வாங்குவது அன்றுதான் காதில் விழுந்தது.