திண்டிவனத்தில் ஒரு நெஞ்சு மெஷின்

விழுப்புரத்தில் நான் டிரேசராக வேலை பார்த்த வரைபட அலுவலகத்தில், படத்தை நகலெடுக்கும் டிரேசர் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் ஆவதற்குக் குறுக்கே ஒரு மரச்சட்டம் நின்றது. நீலப்படி, அதாவது புளூபிரிண்ட், எடுக்கும் சட்டம் அது. கட்டில் அகலத் தேக்குச் சட்டத்தில் கனத்த கண்ணாடி பதித்திருக்கும்; அடியில் சக்கரங்கள். இருட்டறையில் வரைபடத்தையும் ரசாயனத் தாளையும் அதற்குள் வைத்து இறுக்கி, தரையில் பதித்த இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் தள்ளிக்கொண்டுபோய் வெயிலில் நிறுத்த வேண்டும். வாசல் பக்கம் தரை மேடாக ஏறும். சட்டத்தை நெஞ்சு உயரத்தில் பிடித்து, இரண்டு கைகளாலும் சமமாகத் தள்ள வேண்டும். ஒரு கை மிஞ்சினால் சட்டம் கோணிச் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

டிராஃப்ட்ஸ்மேன் இடம் ஒன்று காலியானது. விண்ணப்பித்தேன்.

"படிப்பு, கைவேலை எல்லாம் சரிம்மா. ஃபிரேம் யாரு தள்றது?" என்றார் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். "இங்க ஆளுக்கு ஒரு நாள் முறை. உன் முறைக்கு நாங்க வந்து தள்ளணுமா?"

"நானே தள்றேன் சார்."

"தள்ளு, பார்ப்போம்."

மேட்டுக்கு முன்பே சட்டம் நின்றுவிட்டது. யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒருவர் எழுந்து வந்து, "விடும்மா" என்று என்னை நகர்த்திவிட்டு அன்பாகத் தள்ளினார். அதுதான் பொறுக்கவில்லை.

"பொங்கலுக்கு அப்புறம் பேரு அனுப்பணும். அதுக்குள்ள தள்ளிட்டீன்னா உன் பேரைத்தான் எழுதுவேன்" என்றார் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். நடக்காது என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு தாராளம்.

மாலை பாசஞ்சரில் திண்டிவனம் திரும்பும்போது காரணங்களை வரிசைப்படுத்தினேன். செருப்பு வழுக்கியது, கழற்றிவிடலாம். புடவை தடுக்கியது, தூக்கிச் செருகலாம். மூன்றாவது, பலம். கிணற்றில் சேந்துவது இழுக்கிற வேலை. குடம் இடுப்புக்கு, உலக்கை முதுகுக்கு. தள்ளுகிற வேலை எதையும் அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

தள்ளுவதற்கென்றே ஒரு மெஷின் ஊரில் இருந்தது. வேர்க்கடலை மூட்டைகள் வந்திறங்கும் மல்லாட்டை மண்டிக்குப் பின்னால் இருந்த தேகப்பயிற்சிச் சாலைக்காக, ஒரு லேத்துப் பட்டறைக்காரர் ஏதோ படத்தைப் பார்த்துச் செய்து கொடுத்தது. உட்கார ஒரு பலகை, முன்னால் தள்ள இரண்டு கைப்பிடி. ஒவ்வொரு கைப்பிடியிலிருந்தும் ஒரு கயிறு கப்பியின் மேல் ஏறிப் பின்பக்கம் இறங்கும். அதன் நுனியில் மண்டி கழித்துப்போட்ட எடைக்கற்கள். என் அண்ணன் அங்கே தினமும் போகிறவர்.

"அங்கல்லாம் பொம்பளைங்க வரமாட்டாங்க" என்றார்.

"வரக்கூடாதுன்னு போர்டு இருக்குதா?"

"போர்டு இல்ல. ஆஞ்சநேயர் படம் இருக்குது."

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. நீ சொல்லாம இருந்தா போதும்."

அங்கே பயிற்சி சொல்லித்தரும் வஸ்தாதிடம் நானே கேட்டேன். அவர் என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பாப்பா, அது வந்து, தோளுக்குப் பண்ற மெஷின்."

"நெஞ்சுக்குன்னு அண்ணன் சொன்னாருங்க."

"நெஞ்சுக்குத்தாம்மா. உனக்கு எதுக்கு அது?"

"எனக்கும் நெஞ்சு இருக்குதுங்க. அதுல பலம் இல்ல. அதான் வந்தேன்."

பின்னால் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

கடைசியில் வஸ்தாது சில நிபந்தனைகளோடு சம்மதித்தார். ஞாயிறு மதியம், ஆண்கள் சாப்பிடப் போகும் நேரம் மட்டும். கதவு திறந்திருக்க வேண்டும். அண்ணன் வாசலில் உட்கார வேண்டும். நான் வருமுன் ஆஞ்சநேயர் படத்தின் மேல் அவர் ஒரு துண்டைப் போட்டுவைப்பார். நான் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டுத் தொடங்குவேன். அடுத்த ஞாயிறு துண்டு மறுபடியும் படத்தின் மேல் இருக்கும்.

வாரம் முழுக்க வீட்டுச் சுவரைத் தள்ளினேன்; ஞாயிறன்று மெஷின். முதலில் நெஞ்சின் ஓரங்கள் வலித்தன. பிறகு வலி பழகிப்போனது. ஆனால் ஒன்று மட்டும் சரிப்படவில்லை. வலது கைப்பிடி முந்திக்கொண்டு போகும், இடது பின்தங்கும். இப்படித் தள்ளினால் சட்டம் கோணும்.

ஒரு ஞாயிறு, சாப்பிட்டுச் சீக்கிரமே திரும்பிவந்த வஸ்தாதிடம் சொன்னேன்.

"பொம்பளைங்களுக்கு எடக்கை வீக்குதாம்மா. இங்க ஆம்பளைங்களுக்கே அப்படித்தான் போய்க்கினு இருக்குது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

எல்லோருக்கும் என்றால் குறை கையில் இல்லை, மெஷினில். வலப்பக்கம் உருண்டைக் கற்கள், இடப்பக்கம் அறுகோணக் கற்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றுதான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வஸ்தாதே அப்படிப் பிரித்து மாட்டியிருந்தார்.

"பக்கத்தை மாத்தி மாட்டலாங்களா? என் கை வீக்குன்னா அப்பவும் எடதுதான் பின்தங்கும்."

முணுமுணுத்துக்கொண்டே அண்ணனோடு சேர்ந்து மாற்றினார். தள்ளினேன். இப்போது வலது பின்தங்கியது. அண்ணன் சாவியால் ஒரு கல்லைச் சுரண்டினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அடித்த கறுப்புப் பெயின்டுக்கு அடியில் எழுத்துத் தெரிந்தது. உருண்டைகள் பழைய பத்து ராத்தல் கற்கள். அறுகோணங்கள், கிலோ வந்த பிறகு அரசாங்க எடை முத்திரை கிடைக்காமல் மண்டி தள்ளிவிட்ட ஐந்து கிலோக் கற்கள். ஐந்து கிலோ பத்து ராத்தலைவிட ஏறக்குறைய ஒரு ராத்தல் கூடுதல்.

வஸ்தாது சட்டையைக் கழற்றாமலேயே கண்ணாடி முன் போய் நின்று, ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப எங்க எல்லாருக்கும் ஒரு சைடு தூக்கலா இருக்குமா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"எனக்கு இருக்குதுங்க. சட்டை தைக்கிறவரு ரொம்ப நாளா சொல்லிக்கினு இருக்கிறாரு."

கற்களைக் கலந்து இரு பக்கமும் சமமாக மாட்டினோம். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் கைப்பிடிகள் இரண்டும் சேர்ந்து போயின. துண்டு மட்டும் ஞாயிறுதோறும் படத்தின் மேல் திரும்ப வந்தது.

பொங்கலுக்கு முன், நல்ல வெயில் நாளாகப் பார்த்து, "இன்னிக்கு நான் தள்றேன் சார்" என்றேன். செருப்பைக் கழற்றினேன். புடவையைச் செருகினேன். சட்டம் மேட்டில் ஒரு கணம் தயங்கியது. நெஞ்சு இறுகியது. கோணாமல் ஏறி வெயிலுக்குப் போய் நின்றது.

தலைமை டிராஃப்ட்ஸ்மேன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இனிமே இதை பியூன் தள்ளட்டும்பா. டிராஃப்ட்ஸ்மேனுங்க பண்ற வேலையா இது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"நாளையிலேர்ந்து தள்ளட்டும் சார். இன்னிக்கு நான் தள்ளிட்டேன். என் பேரை எழுதிடுங்க."

"எழுதலாம், எழுதலாம். முதல்ல ஃபிரேமை உள்ள எடு. வெயில்ல ரொம்ப நேரம் இருந்தா தாள் கருகிடும், படி கெட்டுடும்."

"ஆமாங்க சார், கெட்டுடும். நீங்க எழுதுங்க, எடுத்துடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். வெயிலில் நிற்கும் சட்டத்தைப் பார்த்தார். அதற்குள் இருந்தது மேலதிகாரி கேட்டிருந்த நீலப்படி. பேனா மூடியைத் திறந்தார். அவர் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை மேஜை அருகிலேயே நின்றேன். பிறகு போய்ச் சட்டத்தை உள்ளே கொண்டுவந்தேன்.