சாயாக் கிளாஸில் வாங்கிய சூடு

எழுபது வயதில் நான் பொய்யாக நடித்து ஒரு மனிதரைக் கெடுத்தேன். மனைவி போனபின் தனியாக இருந்த நான், சிகரெட்டை விடுவதற்காகத் திருவனந்தபுரம் தம்பானூர் அருகே ஒரு கிளினிக்கில் மூச்சுப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். மூச்சு நிதானப்பட்டால் விரல் சூடாகி, எதிரே உள்ள கருவியில் எண் ஏறும். புகைத்திருந்தால் ஏறாது.

நான் புகைத்துவிட்டு, வாசல் டீக்கடையில் சாயாக் கிளாஸைக் கைகளால் பொத்திச் சூடேற்றிக்கொண்டு உள்ளே போவேன். எண் ஏறும். “சாரைப் பாருங்க!” என்று மற்றவர்களிடம் சொல்வார் பயிற்சி தருபவர். வேறு யாரும் என்னைப் பாராட்டாத காலம் அது.

பக்கத்து நாற்காலியில் திருநெல்வேலிக்காரர் முருகேசன், ஓட்டல் தொழிலாளி. “பீடியத் தொட்டுப் பத்து நாளாச்சு சார். எனக்கு ஏறவே மாட்டேங்கு,” என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

அவருடைய ஓட்டலுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கையில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

“படிச்சவுக செய்யுத வேலையா சார் இது? என் ஒடம்புதான் வெளங்காதுன்னுல்லா நெனச்சேன்,” என்றார். திரும்ப வருமாறு கெஞ்சினேன். “சோலி கெடக்கு சார்,” என்று உள்ளே போய்விட்டார்.

இப்போது சாயாக் கிளாஸைத் தொடாமல்தான் உள்ளே போகிறேன். என் எண் பெரும்பாலும் ஏறுவதில்லை. பக்கத்தில் புதிதாக யார் உட்கார்ந்தாலும் அந்த ஏறாத எண்ணை அவர்களுக்குக் காட்டுகிறேன். முருகேசன் இதுவரை வரவில்லை.