அம்மாவின் பெயர் எழுதிய மண் ஆள்

சுங்கை காடுட்டில் இரும்புப் பட்டறை, நீலாயில் மாடி வீடு, ஊரார் கல்யாணம் நடத்தும் மண்டபம், எல்லாம் நாலாம் வகுப்போடு நின்றுபோன இந்தக் கைகள் எழுப்பியவை. உனக்கு எதற்கு இதெல்லாம் என்று சிரித்தவர்களே திறப்புவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் நான் முதன்முதலில் உருவாக்கியது ஒரு மண் ஆள். சில்லென்ற களிமண் நகத்துக்குள் ஏறிய அந்த உணர்ச்சி இன்னும் போகவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வேலையாட்களுக்கு வரிசையாய்க் கட்டிக்கொடுத்த 'லயத்து' வீடு. அம்மா அஞ்சலைக்குக் குளிர்காய்ச்சல். விடிகாலையில் பால்வெட்டுக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் 'பெரட்டு'க்கு அவர் ஒருநாள் போகவில்லை. இனியும் வராவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார். பேர் போனால் வீடும் போகும். ஆகவே காய்ச்சலோடே வெட்டப் போனார்.

பால் லோரி ஓட்டிய அந்தோணி அண்ணன் ஒரு கதை சொல்லியிருந்தார்: முற்காலத்தில் யூதர்களின் குரு ஒருவர் ஆற்றுமண்ணில் ஆள் செய்து, நெற்றியில் வேத எழுத்தை எழுத, அது எழுந்து வேலை செய்ததாம்; 'கோலெம்' என்று பேராம்; எழுத்தை அழித்தால் செத்து மண்ணாகிவிடுமாம். எனக்கு வேதம் தெரியாது. ஆனால் பெரட்டில் அம்மா பேருக்கு யார் குரல் கொடுக்கிறார்களோ அவர்தானே ஆள்? அம்மாவுக்குப் பதில் அது பெரட்டுக்குப் போகட்டும் என்று, கால்வாய் ஓரத்தில் மண்ணைப் பிசைந்து ஓர் ஆளைப் படுக்கவைத்து, நெற்றியில் ஈர்க்குச்சியால் 'அஞ்சலை' என்று எழுதினேன்.

ஆள் எழுந்திருக்கவில்லை. மழைதான் வந்தது. முதல் எழுத்து கரையத் தொடங்கியபோதுதான் உறைத்தது: அழிவது அம்மாவின் பெயர். சட்டையைக் கழற்றி நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, கரையக் கரைய மறுபடி கீறிக்கொண்டே இருந்தேன்.

மழைக்கு வெட்டை நிறுத்தி, தலையில் கோணியோடு திரும்பிய அம்மா, "யாருடா இது படுத்துக் கெடக்கறது?" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தறியாத அவர் குனிந்து பார்த்தார்.

"இதுவா என் பேரு? மூக்க மட்டும் மண்டோரு மாரி வச்சிருக்கியேலா."

பிறகு கோணியை விரித்து எங்கள் மூவருக்கும் மேல் பிடித்து, மழை விடும்வரை உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது.

மறுநாளும் பெரட்டுக்குப் போனார்; அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. அந்தோணி அண்ணன் தன் ஜெபம் என்றார், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் தன் கசப்பு மாத்திரை என்றார்.

லயமும் கால்வாயும் இருந்த இடத்தில் இப்போது கிடங்குகள். கண்ணுக்கெட்டியவரை சிமெண்டுத் தரை. அம்மா அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தார். ஜெபத்தையும் மாத்திரையையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மழையில் அவர் பெயரில் ஓர் எழுத்தைக்கூட நான் போகவிடவில்லை. அம்மா பிழைத்த கதையை யார் சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.