மண் தின்ற மாதங்கள்

கர்ப்பமாக இருந்தபோது நான் மண் தின்றேன். வடக்கே, மோதி பாக் அரசுக் குடியிருப்பில் நானும் கணவரும் மட்டும் இருந்தோம். மார்க்கெட் முனையில் ஒரு டீக்கடை. அங்கே குல்ஹட் எனப்படும் சுட்ட மண் குவளையில்தான் டீ தருவார்கள். ஒரு நாள் குடித்து முடித்ததும் அந்த ஈர மண் வாசனை தாங்காமல் விளிம்பைக் கடித்துப் பார்த்தேன். பல்லில் நறநறவென்று நொறுங்கியது. அதன் பிறகு டீ ஒரு சாக்குதான். காலிக் குவளையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தின்பேன். தின்றதும் என்மேலேயே அருவருப்பு வரும். வாயைக் கொப்பளிப்பேன். மறுநாளும் போவேன்.

ரத்தம் குறைவு என்று மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். தவறாமல் விழுங்கியும் ஏறவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. கணவர் மாதுளை வாங்கி வந்து உரித்துத் தருவார். அதைத் தின்னும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு ஞாயிறு, வீட்டுச் சாவி தேடி என் கைப்பையைத் திறந்தவர், குவளைத் துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். விளிம்பில் என் பல் தடம் இருந்தது.

“இது என்னது?”

நான் அழுதேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்றார்.

டாக்டரம்மா பஞ்சாபிக்காரர். கணவர்தான் விஷயத்தைச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தம் குறைந்த கர்ப்பிணிகள் சிலருக்கு இப்படி மண், சாக்பீஸ், ஐஸ் மேல் ஆசை வரும் என்றார். மாத்திரை தின்றும் ஏன் ஏறவில்லை என்பதுதான் அவர் கவலை. மலத்தில் ரத்தம் போகிறதா என்று இந்தியில் கேட்டார்.

போய்க்கொண்டுதான் இருந்தது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டு, பெற்ற அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. தமிழில் கேட்டிருந்தால் அன்றும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன்.

“ஹாங் ஜி. பஹுத் சால் சே,” என்றேன். பல வருஷமாக இருக்கிறது என்று இந்தியில் சொல்லும்போது அது வேறு யாருடைய உடம்போ போலிருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவருக்கும் இந்தி தெரியுமே. எனக்குக் காது சுட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவர் என் பக்கம் திரும்பினார். “எங்கிட்டகூட ஏன் சொல்லல?” என்றார்.

“அசிங்கமா இருந்துச்சுங்க.”

“எனக்குத் தெரிஞ்சாலா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி என்று பரிசோதனையில் தெரிந்தது. அடக்கிவைக்கலாம், முழுதாகப் போகாது என்றார்கள். அதற்குத் தனியாக மருந்து கொடுத்து, இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். சில வாரங்களில் மண் ஆசை தானாக விட்டுப்போனது. மகள் எடை கொஞ்சம் குறைவாக, ஆனாலும் நல்லபடியாகப் பிறந்தாள்.

மருந்து இன்றும் தொடர்கிறது. குளிர்காலத்தில் சில நாள் மறுபடி ரத்தம் தெரியும். அன்றே அவரிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது மட்டும், துணி மடிக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொள்கிறேன்.