சுனைப்பாறை பங்களாவும் தங்கமணி அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ரெஜினாவின் போன் வந்தது. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள் அவள். "வளரு, நம்ம தங்கமணி அக்கா போயிட்டாங்க. காத்தால காப்பி குடிச்சுப்போட்டு நாற்காலியில சாஞ்சவங்க, அப்படியே போயிட்டாங்களாம்" என்றாள். கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்தேன். "லைன்ல இருக்கறயா?" என்று கேட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக ஊரைப் பார்த்து நாங்கள் கேட்ட கேள்வி அது. இருக்கிறேன் என்றேன்.

"நம்ம ஓய்வூதியர் மலருக்கு நீதான் அக்காவைப் பத்தி எழுதோணும். எழுதறதுன்னா முழுசா எழுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த 'முழுசா' எதைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன்.

நம் எக்ஸ்சேஞ்சில் அக்காவோடு போர்டில் உட்கார்ந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் நம் ஊரில் யார் யாரிடம் பேச வேண்டுமென்றாலும் எங்கள் கை வழியாகத்தான் பேச வேண்டும். காதில் ஹெட்செட், கையில் இணைப்புக் கயிறு, எதிரே போர்டில் நூறு துளை, துளைக்கொரு விளக்கு. லாரி ஆபீஸும் நூல் மில்லும் ஒரே நேரத்தில் கூப்பிடும். ஒரு நிமிஷம் தாமதித்தால் திட்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு போர்டு காத்திருக்கும். மாமியார், கொழுந்தனார், பிள்ளைகள் என்று எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். இதற்கு நடுவே தங்கமணி அக்கா மட்டும் பதறி நான் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் காடுகரை வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நல்ல கறுப்பு, நல்ல உயரம், கல்லைக்கூட மெல்லமாக வைக்கும் கை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "போனே இல்லாத எடம் ஒண்ணு இருந்தா வாரீங்களா?" ரெஜினா, ஜோதி, நான் மூவரும் யோசிக்காமல் தலையாட்டினோம். கொல்லிமலை அடிவாரக் காட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் நடந்தால், சுனைப்பாறை என்ற இடத்தில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று இருந்தது. வனத்துறைக்கு எழுதிக் கேட்டால் தங்க அனுமதி கொடுப்பார்கள். அக்கா எழுதிக் கேட்டார். 'திரு. தங்கமணி மற்றும் மூவர்' என்று பர்மிட் வந்தது. ஆம்பளை என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லலாமா என்று ஜோதி கேட்டதற்கு, "எதுக்குங் கண்ணு, வாசல் தொறந்திருக்கறப்ப மணியடிச்சுக்கிட்டு நிப்பாங்களா?" என்றார்.

வீட்டில் என்ன சொல்வது? அதற்கும் அக்காவிடம் வழி இருந்தது. ஆடி மாதம். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போவதை எந்த மாமியாரும் கேள்வி கேட்பதில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோதி அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா வீட்டிலிருந்து எங்களோடு காட்டுக்கு வந்தாள். கல்யாணமாகாத நான் வீட்டில் டிபார்ட்மென்ட் பயிற்சி என்று சொன்னேன். ரெஜினா மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாள், அவள் புருஷன் அப்படிப்பட்ட மனுஷன்.

காவல்காரர் மாரப்பன் எங்களைப் பார்த்ததும் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "தங்கமணி அய்யா எங்கீங்க?" என்றார். "நான்தாங்க அய்யா" என்றார் அக்கா. மாரப்பன் பர்மிட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே போனதும் அக்கா சட்டம் போட்டார். இரண்டு நாளும் யாரும் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. யாரும் யாருக்கும் பரிமாறக் கூடாது. வீட்டுப் புகார் எதுவானாலும் மூன்று நிமிஷம்தான் பேசலாம். வெளியூருக்குப் பேசும் ட்ரங்க் காலுக்கு உள்ள அதே மூன்று நிமிஷம், நீட்டிப்பு கிடையாது. ஜோதி மாமியாரைப் பற்றி ஆரம்பித்தால் கண் கலங்கக் கலங்கப் போய்க்கொண்டே இருப்பாள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போர்டில் பேசுகிற அதே குரலில் "மூணு நிமிஷம் ஆச்சு" என்பார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிடுவாள். முதல் நாள் மத்தியானம் அவள் திருட்டுத்தனமாகப் பாத்திரம் கழுவப் போய், மாரப்பனாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டாள். "சமையக்கட்டுக்கு வராத பொம்பளைங்கள இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று அவருக்கும் ஒரே குஷி. கோழிக்குழம்பும் களியும் அவர் கையால் சாப்பிட்டோம். உட்கார்ந்த இடத்தில் சூடாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று ரெஜினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு நினைவு வரவில்லை.

முன்வாசலில் நீளக் கை வைத்த சாய்வு நாற்காலிகள் இரண்டு கிடந்தன. துரைமார் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வதற்காகச் செய்தவை. நாலு பேர் இரண்டு நாற்காலிக்கு அடித்துக்கொண்டோம். அக்கா ஒரு காகிதத்தை எடுத்து டியூட்டி சார்ட் போட்டுவிட்டார். காலை ஷிப்ட் யார், மாலை ஷிப்ட் யார் என்று. முதல் ஷிப்டிலேயே ஜோதி தூங்கிப்போனாள். மரத்தில் சில்வண்டு ஒன்று கர்ரென்று கத்த, கண்ணைத் திறக்காமலே "நம்பர் ப்ளீஸ்" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பங்களா ஓட்டின் மேல் இருந்த குரங்குகள் எழுந்து போய்விட்டன.

பங்களாவுக்குக் கீழே ஓடையில் ஆளை மூழ்கடிக்கிற ஆழத்தில் ஒரு மடு. அக்கா சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர். கல்யாணத்துக்குப் பிறகு பதினோரு வருஷம் தண்ணீரில் இறங்கவில்லையாம். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பாறை மேலிருந்து அவர் குதித்தார். வெகுநேரம் தலை தெரியவில்லை. நான் பயந்து கத்தியே விட்டேன். அக்கரையில் எழுந்து, முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "மறக்கலைடி, ஒடம்பு மறக்கவே இல்லை" என்று கூவினார். அத்தனை சத்தமாக அக்கா பேசி நான் கேட்டது அன்றுதான். நாவல் பழம் பொறுக்கித் தின்று, ஆளுக்கு ஆள் ஊதா நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டு, சுடுபாறையில் ஈரப்புடவை காயும்வரை மல்லாந்து கிடப்போம். மலைக்குப் போகலாமா, அருவி பார்க்கலாமா என்று நான் அரித்துக்கொண்டே இருப்பேன். எனக்குச் சும்மா இருக்க வராது. அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "காட்டுக்கு வந்தது ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு. அதை மொதல்ல ஒழுங்காப் பண்ணு" என்பார்.

இப்படி இரண்டு ஆடிகள். மூன்றாவது ஆடியில்தான் அது நடந்தது.

மடுவில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு மேலே வந்தோம். வாசலில் ஜீப் ஒன்று நின்றது. மூன்று ஆண்கள் வந்திருந்தார்கள்; இரண்டு பேர் எங்கள் நாற்காலிகளில் சாய்ந்திருக்க, ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். மாரப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டிருந்தவர், "ரூம்ல சாமான் கெடக்குது, எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. நாங்க தங்கோணும்" என்றார். அக்கா பர்மிட்டை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "பொம்பளைங்களுக்கு எதுக்கு காட்டு பங்களா? நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். முகத்தைப் பார்த்ததில்லையே தவிர, வாயைத் திறந்ததுமே நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் மில்லுக்காரர். நாள் தவறாமல் காலை ஒன்பது மணிக்கு, அதிகக் கட்டணம் கட்டி உடனே பேசுகிற லைட்னிங் கால் போடுகிறவர். அவர் குரல் எங்களுக்கு எங்கள் வீட்டுக் குரல் மாதிரி. பெயர் வேண்டாம்; அவரும் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன.

அக்கா நிதானமாக, "பர்மிட் எங்க பேர்ல இருக்குதுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாங்க இருப்போமுங்க" என்றார். அவர் டிரைவரைக் கூப்பிட்டு எங்கள் மூட்டைகளைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னார். ஜோதியின் பை வந்து மண்ணில் விழுந்தது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. முந்தின நாள் காலையில் அவருக்குக் கோயமுத்தூர் லைனை இணைத்துக் கொடுத்தது நான். லைன் சரியாக விழுந்ததா என்று கவனித்தபோது காதில் விழுந்ததைத்தான் இப்போது சொன்னேன். "ஏனுங்க, மாமனார் ஆபரேஷனுக்கு வர முடியாது, மெட்ராசு போறேன்னு நேத்து கோயமுத்தூர்ல இருக்கற உங்க ஊட்டம்மாகிட்ட ட்ரங்க் கால்ல சொன்னீங்களே. மெட்ராசு இதுதானுங்களா?"

அவர் முகம் வெளிறிப்போயிற்று. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஜீப் போய்விட்டது. ரெஜினாவும் ஜோதியும் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மாரப்பன்கூடச் சிரித்தார். அக்கா மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வளரு, நம்ம காதுல உழுந்தது நம்ம வாயில வரக்கூடாது. அவன் கெட்டவனா இருக்கட்டும், பொய்யனா இருக்கட்டும். அவனுக்கும் சேத்துத்தான் நாம அந்த எடத்துல உக்காந்திருக்கறோம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

பத்து நாளில் புகார் வந்தது. ஆபரேட்டர்கள் ஒட்டுக் கேட்கிறார்கள், கேட்டதைப் பொது இடத்தில் சொல்கிறார்கள் என்று எழுதி, 'தங்கமணி என்கிற பெண்மணி' என்று பெயரும் போட்டிருந்தார். அவர் படித்த பெயர் அது ஒன்றுதான். நான் அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். நானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "உனக்கு வேலை இன்னும் நெரந்தரமாகல. ஒத்தைத் தாள்ல ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க. என்னைய அப்படி அனுப்ப முடியாது. எங்கியாச்சும் மாத்தி உக்கார வைப்பாங்க, அவ்வளவுதான்" என்றார் அக்கா. அப்போது என் வீட்டில், பெண்டாட்டி இறந்துபோன ஒரு உறவுக்காரருக்கு என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. அவருக்கு என் அப்பா வயது. வேலைக்குப் போகிற பெண் என்ற ஒரே காரணத்தைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இது அக்காவுக்குத் தெரியும். ஒரு ஆடியில், என் மூன்று நிமிஷத்தில், நான்தான் சொல்லியிருந்தேன்.

அவர் என்னைத் தடுத்தார் என்பது உண்மை. நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை என்பதும் உண்மை. விசாரணையில் அக்கா புகாரை மறுக்கவில்லை. ரெஜினாவும் ஜோதியும் அவருக்குக் கொடுத்த வாக்குக்காக வாயைத் திறக்கவில்லை. அவரைப் போர்டிலிருந்து எடுத்து, ட்ரங்க் கால் விவரம் எழுதிய பழைய டிக்கெட்டுகளை அடுக்கிக் கட்டுகிற பின்னறைக்கு அனுப்பினார்கள். ஏழு வருஷம். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் சூப்பர்வைசர் ஆனார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரையே விரல் நுனியில் வைத்திருந்தவர், ஜன்னல் இல்லாத அறையில் சணல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேகமாக நடப்பேன்.

அடுத்த ஆடிக்கு எங்களைக் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். பர்மிட் வந்துவிட்டது, புறப்படுங்கள் என்றார். மடுப் பாறையில் நாங்கள் இருவரும் தனியாகக் கிடந்தபோது, நான் அந்தப் பேச்சை எடுத்து அழ ஆரம்பித்தேன். என்னால்தானே, என்னால்தானே என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார், வெறும் மணிக்கட்டுத்தான். "மூணு நிமிஷம் ஆச்சு, வளரு. வா, தண்ணிக்குப் போலாம்" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. எண்பதுகளின் பாதிவரை, என் கல்யாணத்துக்குப் பிறகும், நான் விரும்பியவரையே கட்டிக்கொண்ட பிறகும், அக்காவோடு சுனைப்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்கும் சும்மா கிடக்க வந்துவிட்டது.

அக்கா ஓய்வு பெற்ற நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாழ்த்திப் பேசிய ஒருவர், "தங்கமணி மேடம் காதுல ஒண்ணு விழுந்தா காடு மேடெல்லாம் ஒலிபரப்பு ஆயிடும்" என்று பழைய கதையைக் கிண்டலாகச் சொன்னார். கூடம் முழுக்கச் சிரித்தது. கழுத்தில் மாலையோடு அக்காவும் சிரித்தார். மூன்றாவது வரிசையில் நானும் சிரித்தேன், கையும் தட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் திரும்பவில்லை என்று இப்போது தோன்றுகிறது. தோன்றி என்ன ஆகப்போகிறது?

ஆகவே, அவரை அறிந்தவர்களே, இதை எழுதி வைக்கிறேன். தங்கமணி அக்கா யார் பேச்சையும் வெளியே சொன்னவர் அல்ல. அன்று காட்டு பங்களா வாசலில் வாயைத் திறந்தவள் நான். அவர் இருக்கும்போது இதை உங்களிடம் சொல்ல எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு போட்டோகூட நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்டதில்லை. நான் பார்த்த முப்பத்துமூன்று வருஷ வேலை இருக்கிறது. நானே தேர்ந்துகொண்ட புருஷனும், பெற்ற இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அக்காவுடையது என்று நான் வைத்திருப்பது இவ்வளவும்தான்.