தோன்றா எழுவாய்

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது எங்கள் வீட்டு வாசல் நிலைப்படிதான். ஒரு கால் வீட்டுக்குள்ளே, சேறு அப்பிய மற்றொரு கால் வெளியே, கை நிலைக்கதவின் மேல் என்று நின்றபடியேதான் அவர் எந்தச் செய்தியையும் சொல்வார். வெளியே மொபெட் அணைக்கப்படாமல் துடித்துக்கொண்டிருக்கும். செய்தி எதுவாயினும் அதன் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குவது அவர் வழக்கம். பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுவார். "போயாச்சு." "சொல்லியாச்சு." "கெட்டுப் போச்சு." போனது யார், யாரிடம் யார் சொன்னது, கெட்டது பாலா, பம்புசெட் மோட்டாரா என்று கேட்க வாய் திறப்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். "தம்பி பேசறதுல பாதி வயல்லயே விழுந்துடுது, மிச்சந்தான் வீடு வந்து சேருது" என்பார் பெரியம்மா.

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில், கதை ஒன்றை உருவாக்கும் அடிப்படைக் கூறுகளைப் பற்றிப் பேராசிரியர் பாடம் நடத்தினார். மாந்தர், களம், காலம், நிகழ்ச்சிக்கோவை, முரண், நோக்குநிலை ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இவற்றுள் எதை நீக்கிய பின்னும் கதை நிற்கும், எதை நீக்கினால் விழும் என்று எங்களைக் கேட்டார். களமில்லாமல் கதை உண்டு என்றார் ஒருவர். முரண் இல்லையேல் அது வெறும் தகவல் என்றார் இன்னொருவர். மாந்தர் இல்லாத கதை என்று ஒன்று இருக்கவே முடியாது என்பதில் மட்டும் வகுப்பு முழுவதும் ஒத்துப்போயிற்று. எனக்கு அந்த நேரத்தில் எங்கள் வீட்டு நிலைப்படி நினைவுக்கு வந்துவிட்டது. வாக்கியத்தில் வெளிப்படாமல் நிற்கும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்று இலக்கணம் சொல்கிறது. 'வந்தேன்' என்றால் அங்கே 'நான்' மறைந்திருப்பதை வினையின் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். சித்தப்பாவின் 'ஆச்சு'வோ எவரையும் காட்டிக்கொடுக்காது. செய்தவரில்லாமல் செயல் மட்டும் நடந்து முடிந்திருக்கும். அப்படியொரு வாக்கியத்தால் எங்கள் வீட்டில் ஒரு திருமணம் நின்றது. நின்றதன் கதையைப் பல ஆண்டுகளாக எல்லோரும் சொல்லிவந்தார்கள். அதில் எழுவாய் மட்டும் தவறாக இருந்தது.

அப்போது நாங்கள் பூதலூருக்குப் பக்கத்தில் கூட்டுக் குடும்பமாக ஒரே வீட்டில் இருந்தோம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். நிலத்தையும் நீரையும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு போய் வருபவர். அவருடைய மகளைத்தான் நான் அக்கா என்கிறேன். அக்கா அந்த ஆண்டுதான் பி.எட். சேர்ந்திருந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மன்னார்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெரியம்மாவுக்குத் தூரத்து உறவு. நல்ல குடும்பம், கோயிலுக்குத் தவறாத குடும்பம். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை, விடுப்பு முடிவதற்குள் திருமணத்தை முடித்துவிட வேண்டும், படிப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா முதலில் பெரியம்மாவிடமும், பிறகு பெரியப்பாவிடமும் "இப்ப வேணாம்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். வெட்கத்தில் சொல்கிறாள் என்று பெரியம்மா எடுத்துக்கொண்டார். பெரியப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. அதன்பின் அக்கா சொல்வதை நிறுத்திவிட்டார். சாப்பாடும் குறைந்துபோனது.

வீட்டில் கவலை இருந்தது வேறொன்றைப் பற்றி. மாப்பிள்ளை அக்காவுக்கு முறைதானா என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பெரியம்மா வழியில் பார்த்தால் மாமன் மகன் முறை வந்தது. திருக்காட்டுப்பள்ளியில் இருந்த ஓர் உறவினர், பெரியப்பா வழியில் எண்ணிப் பார்த்து, அண்ணன் முறையாக அல்லவா வருகிறது என்று இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடிப்பதாக இருந்தது. அதற்கடுத்த வாரம் மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிக்கும்போது அந்த உறவினர் எழுந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பெரியம்மா அடுப்படியில் புலம்பிக்கொண்டே இருந்தார். முறை, முறை, முறை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் புழங்கிய சொல் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் சித்தப்பாவின் மொபெட் வாசலில் வந்து நின்றது. நிலைப்படியில் ஒரு காலை வைத்தார்.

"முறை மாறிப்போச்சு. ஞாயித்துக்கெழம கெடையாது. ஆளுங்கள வர வேணாம்னு சொல்லியாச்சு."

அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. பெரியம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே உட்கார்ந்தார். பெரியப்பா மதிய உணவுக்கு வந்திருந்தவர், இலையிலிருந்து எழுந்துவிட்டார்.

"சொல்லியாச்சுன்னா? எவன் சொன்னான்? யார்கிட்ட சொன்னான்?"

"நான் அப்பவே சொன்னேன், அந்தத் திருக்காட்டுப்பள்ளி மனுசன் சும்மா இருக்க மாட்டாருன்னு" என்று பெரியம்மா அழத் தொடங்கினார்.

சித்தப்பாவின் கைப்பேசிக்கு அழைத்தால், அது மாடத்தில் சார்ஜில் கிடந்தபடி ஒலித்தது. மன்னார்குடிக்கு அழைத்துக் கேட்டுவிடலாமே என்று பெரியம்மா சொன்னதற்கு, "எவனோ சொன்னதக் கேட்டு நின்னுட்டவங்க வாசல்ல போயி ஏன் வரலைன்னு நான் கேக்கணுமா?" என்று பெரியப்பா சீறினார். மாந்தர், களம், காலம், காரணம் என்று ஒரு கதைக்கு வேண்டிய அனைத்தையும் அந்த மூன்று வாக்கியங்களுக்கு அவர்களே சேர்த்துவிட்டார்கள். கதை சொன்னவர் விட்டுவைத்த இடத்தைக் கேட்பவர் தம்மிடம் இருக்கும் அச்சத்தைக் கொண்டுதான் நிரப்புகிறார் என்பதை என்னால் இன்று இப்படி எழுத முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது என்பதுதான்.

அக்கா என்ன செய்கிறார் என்று பார்க்க அடுப்படிக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் குழம்பைச் சோற்றின் மேல் நன்றாக ஊற்றி, பிசைந்து, நிதானமாக உண்டார். முடித்துவிட்டு மறுபடியும் சோறு போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீ சாப்ட்டியா? வா, ஒக்காரு" என்றார். அந்தக் குரலில் துயரமும் இல்லை, மகிழ்ச்சி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. நெடுநேரம் நெரிசலில் நின்று பயணம் செய்தவருக்கு உட்கார இடம் கிடைத்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா திரும்பினார். பெரியப்பா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"யார்ரா ஒங்கிட்ட சொன்னது?"

"எதண்ணே?"

"முறை மாறிப்போச்சுன்னு!"

"மதகு தொறக்கற லஸ்கர்தான். மதகுகிட்ட பாத்தேன். ஞாயித்துக்கெழம நமக்கு வர வேண்டிய தண்ணி மேல் வாய்க்காலுக்குப் போவுதாம், நமக்கு செவ்வாய்க்கெழமதான் முறையாம். அதான் நடவு ஆளுங்கள..." என்று சொல்லிக்கொண்டே போனவர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினார். "ஏன், என்னா ஆச்சு?"

ஆற்றில் நீர் குறைந்தால் வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். டெல்டாவில் பிறந்த எவருக்கும் அந்தச் சொல்லின் முதல் பொருள் அதுதான். அந்த வாரம் எங்கள் வீடு அதை மறந்திருந்தது. பெரியம்மா கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தார். "தண்ணி முறையா! அட பாவி மனுசா, அத சொல்லித் தொலைக்கக் கூடாதா? என் உசுரு போயி உசுரு வந்துச்சே தம்பி!" பெரியப்பாவும் சிரித்துவிட்டார். "இனிமே நீ எதப் பேசினாலும் முன்னாடி பேரச் சேத்துப் பேசுடா" என்று முதுகில் அடித்தார்.

சித்தப்பா கால் கழுவக் கொல்லைக்குப் போனார். நான் அடிபம்பை அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா துண்டோடு வந்து நின்றார். பிறகு, "சித்தப்பா, நீங்க மத்தியானம் சொன்னது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"எது பாப்பா?"

"ஞாயித்துக்கெழம கெடையாதுன்னு சொன்னீங்கல்ல. அது."

நான் பம்பை அடிப்பதை நிறுத்தினேன். சித்தப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவர் ஒருவரை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. "படிப்பா?" என்றார். அக்கா தலையசைத்தார். "அப்பாகிட்ட சொல்லிப் பாத்தியா?" அதற்கும் தலையசைத்தார். சித்தப்பா துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் சேறில்லாத வேட்டி உடுத்தி, மொபெட்டை விட்டுவிட்டுப் பேருந்தில் போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. உரம் வாங்கப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். மாலையில் வந்து, வழக்கம்போல நிலைப்படியில் ஒரு காலை வைத்து நின்றார்.

"நின்னு போச்சு."

பெரியப்பா இந்த முறை எச்சரிக்கையாக, "என்ன, தண்ணியா?" என்று கேட்டார்.

"கல்யாணம். மன்னார்குடிக்குப் போயாச்சு, பேசியாச்சு. நாளைக்கு வர மாட்டாங்க."

பிறகு நடந்ததை விரித்து எழுத வேண்டியதில்லை. யார் நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று பெரியப்பா எத்தனை விதமாகக் கேட்டும் சித்தப்பா "நின்னு போச்சுண்ணே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அக்கா பேசுவதற்காக முன்னே வந்தபோது, "நீ உள்ள போ பாப்பா" என்று மட்டும் சொன்னார். முறைப் பேச்சை மன்னார்குடியில் போய்ச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்தவர் என்று வீடு முடிவு செய்துகொண்டது. பெரியப்பா தம்பியிடம் நேரடியாகப் பேசுவதை விட்டார். பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். "அவனுக்குச் சோறு வைக்கச் சொல்லு" என்பது போலத்தான் பேச்சு இருந்தது. மாப்பிள்ளையின் தங்கை பின்னாளில் அக்காவோடு ஒரே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான், அன்று அங்கே நடந்தது அக்காவுக்கும் எனக்கும் தெரியவந்தது. "இப்ப தோதுப்படாதுங்க" என்று சித்தப்பா சொன்னாராம். "யாருக்குத் தோதுப்படாது?" என்று அவர்கள் கேட்டதற்கு, கொடுத்த காபியைக் குடித்து முடித்து, வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிட்டாராம்.

சித்தப்பாவின் பேச்சு ஒரு குறை என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவர் 'நின்னு போச்சு' என்று வந்து நின்ற மாலையிலிருந்து அதை அப்படி எண்ண முடியவில்லை. வாயில் வராத எழுவாயும் உண்டு, வரவிடாமல் நிறுத்திவைத்த எழுவாயும் உண்டு. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

அக்கா படிப்பை முடித்தார். ஆசிரியரானார். தாமே விரும்பியவரை மணந்தார். அந்தத் திருமணத்துக்கு ஓலை வாசித்த அன்று, கோயிலின் கடைசி வரிசையில் நின்ற சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, "இவன் வாயத் தொறக்காம இருந்தாச் சரி" என்று பெரியப்பா பெரியம்மாவிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அக்கா காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். அக்காவின் கணவர் வீட்டாரும் வந்திருந்தார்கள். பெரியப்பா அவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஆண்டுக்காண்டு அவர் அதைச் செம்மைப்படுத்தியிருந்தார். நடவுக்காலம், மதகு, லஸ்கர், தண்ணி முறை, பெரியம்மாவின் கரண்டி என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கேட்டவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். "அப்பறம் தொரை கெளம்பி மன்னார்குடிக்கே போயி, நெசமாவே நிறுத்திப்புட்டு வந்து நிக்கறாரு" என்று முடித்தார். என் வகுப்பில் கேட்டிருந்தால் குறையொன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சித்தப்பா அப்போதுதான் வெளியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அக்கா தம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"நான்தாம்ப்பா நிறுத்தச் சொன்னேன்."

அக்கா மறுபடியும், சற்று மெதுவாக, "சித்தப்பா நிறுத்தல. நான் சொன்னேன், அவரு போனாரு" என்றார்.

பெரியப்பா மகளைப் பார்த்தார். பிறகு நிலைப்படியைப் பார்த்தார். "என்னடா சொல்றா இவ?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளுக்குப் பின் தம்பியிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

சித்தப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. திரும்பி வானத்தைப் பார்த்தார். ரோட்டில் அறுவடை நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"மேகம் கட்டிருக்கு. நெல்ல மூடணும்" என்றார்.

யார் மூட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பெரியப்பா எழுந்து, மடிப்புக் கலையாத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலைப்படிக்குப் போனார்.

"தார்ப்பாய் எங்க கெடக்கு?" என்று கேட்டவர், பதில் வருவதற்கு முன்பே, "இருடா, நானும் வர்றேன்" என்றார்.