சத்தியம் கேட்காத கூட்டம்

குடியை விடுகிறேன் என்று முனியப்பன் கோயிலில் என் வீட்டுக்காரர் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார். எங்கள் முனியப்பனுக்குக் கள் வைத்துத்தான் படையல். சத்தியம் முடிந்த கையோடு பூசாரி படையல் கலயத்தை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார். சாமி கொடுத்ததை வேண்டாம் என்றால் குற்றமாகிவிடுமாம், இவரும் கையை ஏந்தினார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். வீடு வந்து சேர்வதற்குள் நடை தள்ளாடியது. மறு வருஷமும் அதே சாமி, அதே கற்பூரம், அதே கலயம். இதைச் சொன்னால் இன்றைக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு போட்டபோது நாங்கள் பெண்கள் கூடிப் பொங்கல் வைத்தோம். கொஞ்ச நாள் வீடு வீடாக இருந்தது. அப்புறம் காட்டுக்குள் களவாகக் காய்ச்சிய சாராயம் ஊருக்குள் வந்தது. கள் குடித்துத் தள்ளாடியவர் சாராயம் குடித்து அடிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் என் இடது கை ஒடிந்தது. மாடு முட்டிவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். இன்னொரு முறை கை ஓங்கினால் இந்த வீட்டில் இருப்பதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

குடியை மறக்கடிக்க யாரோ பெரிய மனிதர்கள் ஊரில் பஜனை வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கூட்டம் வந்தது, பிறகு ஆர்மோனியம் வாசித்தவர் மட்டும் வந்தார். மாரண்டஹள்ளிச் சந்தையில் அவரைக்காய் விற்ற ஒருத்திதான் எனக்கு வழி சொன்னாள். பக்கத்து ஊரில் மூடிக் கிடந்த கள்ளுக்கடைக் கொட்டகையில், குடியை விட்டவர்கள் தினமும் பொழுது சாயக் கூடுகிறார்களாம். அவள் புருஷனும் அங்கே போகிறானாம்.

மறுநாளே இவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். புருஷனை மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு போகிறாள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

கொட்டகையில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்து கத்தாழை நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு கடைக்குப் போன நேரத்தில் கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக அந்த வேலை. அவர்களில் மூத்தவர் வீட்டில் கன்னடம் பேசுகிற ஒரு வண்டிக்காரர்.

"இவரைச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கண்ணா" என்றேன்.

"சத்தியமெல்லாம் இங்க வேணாம்மா. நாங்க அத்தினி பேரும் முனியப்பனுக்குப் பண்ணிக் குடுத்துட்டு வந்தவங்கதான். பொழுதெறங்க வந்து குந்தட்டும். குடிச்சிருந்தாலும் வரட்டும். நீ வூட்டுக்குப் போ, இது ஆம்பளைங்க குந்தற எடம்."

"குடிச்சது அவருங்க, அடி வாங்குனது நானு. எனக்கும் இங்க எடம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

கயிறு திரித்தபடியே நேற்றைய பொழுது எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். இவர் மட்டும் வெகு நாள் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு, "எம் பொண்டாட்டி கைய ஒடிச்சது மாடு இல்லீங்க, நான்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. நாலு பேர் கேட்கச் சொன்னாரே என்று நிறைவாக இருந்தது.

அதற்கப்புறம் சில வருஷம் நன்றாகத்தான் போனது. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது சர்க்கார் கடைகளை மறுபடி திறந்தது. கொட்டகை திரும்பவும் கள்ளுக்கடை ஆயிற்று. ஏலம் எடுத்தவர் எங்களை விரட்டினார். எங்கே போவது? சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு புளியமரம் இருந்தது. கடையைப் பார்த்தபடியே அதன் அடியில் உட்கார்ந்தோம். வேறு இடம் பார்க்கலாம் என்றார்கள் சிலர். நாம் ஏன் ஒளிய வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

இவர் ஒரு வாரம் தாங்கினார். அதற்கு மறுநாள் மரத்தடிக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று மனம் கசந்தது. வீட்டில் என்ன நடக்கும் என்ற பயமும் வந்தது. ஆனால் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தள்ளாடியபடி சாலையைத் தாண்டி வந்து எங்கள் நடுவில் விழுந்தார்.

"எல்லாம் போச்சுங்கண்ணா" என்று அழுதார்.

வண்டிக்காரர் நகர்ந்து இடம் விட்டார். "ஒண்ணும் போவல. நாரை எடு" என்றார்.

கடை வாசலில் நின்றவன் ஒருவன் ஊரே கேட்கும்படி கத்தினான்: "குடிச்சுட்டு வந்தவனையே சேத்துக்கறீங்களே, இதுக்குப் பேரு ஒரு கூட்டமா?"

நான் எழுந்து நின்றேன். "குடிக்காதவனுக்கு எதுக்குடா கூட்டம்? நீ எப்ப வர்றே?"

அவன் உள்ளே போய்விட்டான். அந்த ஒரு நாளோடு இவர் குடியை மறந்தார் என்று சொன்னால் பொய். அதற்கப்புறமும் இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் கடையிலிருந்து நேரே புளியமரத்தடிக்குத்தான் வந்தார். போதை தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மேல் அந்தக் கை மறுபடி ஓங்கவே இல்லை.